இடது பின்சக்கரம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஒரு காரின் பின்சக்கர பிரேக்கைக் கெடுப்பது எப்படி என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் காலத்துத் திண்டிவனத்தில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டு முறை கெடுத்தேன். மூன்றாம் முறை கெடுக்கப் போனபோதுதான் பிடிபட்டேன். மூன்று முறையும், வீட்டுக்கு நல்லது செய்கிறோம் என்ற பெருமை வேறு.

அறுபதுகளின் தொடக்கம் அது. விழுப்புரத்தை ஒட்டிய ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, திண்டிவனத்தில் மல்லாட்டை (எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்) மண்டி வைத்திருந்தவருக்கு வாழ்க்கைப்பட்டு எனக்கு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வீட்டில் நான், கணவர், மாமியார் மூன்று பேர்தான். புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் வாங்கிய பழைய கறுப்புக் கார் ஒன்று இருந்தது. என் கணவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அதை எப்படி ஓட்ட வேண்டும் என்று சொல்லத் தெரியும். ஓட்டுவதற்கென்று ஒரு டிரைவர் இருந்தார்.

டிரைவருக்கு நாற்பது வயது இருக்கும். முகையூர்ப் பக்கம் சொந்த ஊர். சட்டைக்குள்ளே ஜெபமாலை தெரியும். பத்து வருஷம் லாரியில் கிளீனராக அலைந்து, லைசென்ஸ் வாங்கி, எங்கள் வீட்டில்தான் முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்தார். ரயிலடிக்குப் பின்னால் ஒரு அறை எடுத்து மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிவந்து வைத்திருந்தார். பிள்ளைகள் இருவரும் திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தார்கள். ஊரில் அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. இந்த வேலை நிலைத்தால் பிள்ளைகள் படித்துவிடுவார்கள் என்று என்னிடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறார்.

அந்த வருஷம் ஐப்பசியில் பின்சக்கரத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம், காலித் தட்டில் கரண்டியைத் தேய்ப்பது போல் ஒரு கீறல். லைனிங் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்றார் டிரைவர். பட்டறையில் விடுவதற்கு என் கணவர் ஒப்பவில்லை.

"பட்டறையில உட்டா நல்ல சாமானைக் கழட்டிக்கினு ஓட்டை சாமானை மாட்டி அனுப்புவான். நீதான் லாரியில பத்து வருசம் குப்பை கொட்டியிருக்கியே, ஊட்லியே பண்ணு," என்றார்.

"பண்ணிடலாங்க," என்றார் டிரைவர். அவருக்கும் அதில் ஒரு ரோஷம் இருந்தது.

வீட்டுக்குப் பின்னால், கடலை காயவைக்கும் களத்தின் ஓரத்தில், பூவரச மரத்தடியில் வேலை நடந்தது. முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினார். சக்கரத்துக்குள்ளே கவிழ்த்து வைத்த இரும்புச் சட்டி மாதிரி ஒன்று இருந்தது. அதற்கு டிரம் என்று பெயர். அதற்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. ஷூவின் முதுகில் அடித்திருக்கும் பட்டைதான் லைனிங். காலால் மிதியை அமுக்கினால் ஷூ இரண்டும் விரிந்து டிரம்மின் உள்பக்கத்தை உரசிப் பிடிக்கும், வண்டி நிற்கும். இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு அது வெறும் இரும்புச் சட்டி.

விழுப்புரத்தில் ஒரு கடையில் நான்கு ஷூவுக்கும் புது லைனிங் அடித்து வாங்கிவந்திருந்தார். வலது பக்கத்தைக் காலையிலேயே முடித்து மாட்டிவிட்டார். இடது டிரம்முக்குள் கரி மாவு மாவாகப் படிந்திருந்தது. சலவைச் சோடா போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, துவைகல்லின் மேல் வெயிலில் காயவைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் துணி எடுக்கக் கொல்லைக்கு வந்தேன். டிரம் பளிச்சென்று இருந்தது. ஆனால் ஈரம் காய்வதற்குள்ளேயே உள்பக்கத்தில் லேசாகச் செம்மண் நிறம் பூக்கத் தொடங்கியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. என் பிறந்த வீட்டில் இரும்பு ஈரமாக இருந்தால் யாருக்கும் பொறுக்காது. ஏர் பூட்டி வந்தால் கொழு முனை, களை எடுத்து வந்தால் களைக்கொத்து, அரிவாள், கடப்பாரை, அடுப்படியில் தோசைக்கல் எதுவானாலும் கழுவின கையோடு துடைத்து எண்ணெய் தடவித்தான் வைக்க வேண்டும். மறந்தால் என் அம்மா, "இரும்பை அம்மணமா உட்டுட்டு எங்கடி போனே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவாள். அப்படி வளர்ந்த உடம்பு. உள்ளே போய்க் கிண்ணத்தில் மல்லாட்டை எண்ணெய் எடுத்துவந்து, பழைய துணியில் தோய்த்து, டிரம்முக்கு உள்ளும் புறமும் தடவினேன். எண்ணெய் வழிந்தால் அது சோம்பேறி வேலை. வழியாமல், தடவியதே தெரியாமல், அழுத்தித் தேய்த்து வைத்தேன். இந்த வீட்டில் இரும்பைக் கவனிக்க ஒருத்தி வந்துவிட்டாள் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

டிரைவர் திரும்பி வந்தபோது நான் உள்ளே இருந்தேன். அவர் கையில் எப்போதும் கிரீஸ். அந்தக் கைக்கு என் எண்ணெய் எங்கே தெரியப் போகிறது? மாட்டிவிட்டார்.

அன்று மாலையே ரயில்வே கேட்டருகே வண்டி தன் குணத்தைக் காட்டியது. கேட் மூடப் போகிற நேரம். டிரைவர் பிரேக் போட்டிருக்கிறார். வலது சக்கரம் மட்டும் பிடித்து, இடது பக்கம் வழுக்கிக்கொண்டே போய், கார் குறுக்காகத் திரும்பி ஒரு மாட்டுவண்டியின் சக்கரத்தில் இடித்து நின்றது. யாருக்கும் அடியில்லை. வண்டிக்காரர் கடைத்தெருவே கேட்கும்படி என் கணவரின் பரம்பரையை விசாரித்தார். மண்டிக்காரர் ஒருவருக்கு அது உயிர்போகிற விஷயம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியபோதே, "அமாவாசைக்கு அம்மாவை மேல்மலையனூர் கூட்டிக்கினு போவணும். அதுக்குள்ள வண்டி சரியாவணும். ஆவலைன்னா உனுக்கும் இந்த வண்டிக்கும் சம்பந்தம் இல்ல," என்று டிரைவரிடம் சொல்லிவிட்டார்.

அமாவாசைக்கு ஆறு நாள் இருந்தது.

மறுநாள் டிரைவர் இடது சக்கரத்தை மறுபடியும் கழற்றினார். புது லைனிங் கறுத்து, மினுமினுப்பாக ஈரம் கண்டிருந்தது. பிரேக் ஆயில்தான் எங்கிருந்தோ கசிகிறது என்று நினைத்தார். ஷூக்களை விரிக்கிற சின்ன சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் அடைக்கிற ரப்பர் மூடிகள் இருக்கும். அவை வயதாகிவிட்டன, மாற்ற வேண்டும் என்றார். என் கணவர் அதைக் கேட்டுவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்று சொல்லி மண்டிக்குக் கிளம்பினார்.

டிரைவர் டிரம்மை மறுபடியும் கழுவித் துவைகல்லில் வைத்துவிட்டு, ரப்பர் வாங்க விழுப்புரத்துக்கு பஸ் ஏறினார். அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், நான் கிண்ணத்தோடு கொல்லையில் நின்றேன். போன தடவை தடவியதெல்லாம் கழுவப்பட்டுவிட்டதே என்ற வருத்தத்தில் இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் அழுத்தமாகவே தேய்த்தேன்.

மதியம் திரும்பி வந்து ரப்பரை மாற்றினார். லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்தார். டிரம்மை மாட்டினார். சிலிண்டரைப் பிரித்ததால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும், அதை வெளியேற்ற ஒருவர் மிதியை அமுக்க வேண்டும் என்றார். வீட்டில் வேறு ஆள் இல்லை. மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். நான் போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். வாழ்க்கையில் அந்த சீட்டில் உட்கார்ந்தது அந்த ஒரு தடவைதான்.

கீழே மண்ணில் படுத்தபடி அவர் சொல்லுவார்: "அமுத்துங்கம்மா... அமுத்துங்க... அப்பிடியே புடிச்சிக்குங்க... இப்ப உடுங்க." சக்கரத்திலிருந்து ஒரு ரப்பர் குழாய் பாட்டிலுக்குள் போயிருந்தது. பாட்டிலில் குமிழி வருகிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார். இருபது முப்பது தடவை அமுக்கியிருப்பேன். கால் கடுத்தது. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம். கல்யாணமாகி வந்து அந்த வீட்டில் என் காலுக்குக் கீழே ஏதோ ஒன்று நான் சொன்னபடி கேட்டது என்றால் அது அந்த மிதிதான்.

"காத்து போயிட்ச்சிம்மா. இனிமே பேஜார் இல்ல," என்று எழுந்து முதுகு மண்ணைத் தட்டினார்.

பேஜார் இருந்தது. அன்றைக்கும் வண்டி வலது பக்கம்தான் இழுத்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் அவர் எதை எதையோ பார்த்தார். வலது பக்கத்தைத் தளர்த்திப் பார்த்தார். டயர் காற்றைப் பார்த்தார். கைப்பிரேக் கம்பியை அவிழ்த்துப் பூட்டினார். முகத்தில் சவரம் இல்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நடப்பதாகவும், ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் வருஷம் வீணாகிவிடும் என்றும் யாரும் கேட்காமலே சொன்னார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த மனிதருக்கு ஏதாவது உதவ வேண்டும் என்று எனக்கு உண்மையாகவே இருந்தது.

அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் இடது சக்கரத்தை மூன்றாம் முறையாகக் கழற்றினார். டிரம்மைக் கழுவித் துவைகல்லில் வைத்துவிட்டு, இந்த முறை எங்கும் போகவில்லை. சக்கரத்தின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஷூவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இருக்கிறாரே என்று நான் தயங்கவில்லை. ஒளித்துச் செய்கிற காரியமா அது? கிண்ணமும் துணியுமாகப் போய் டிரம்மைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"அம்மா, இன்னா பண்றீங்க?"

"எண்ணெ தடவறேங்க. துரு ஏறிடாது? ஒவ்வொரு வாட்டியும் நாந்தானே தடவறேன்."

"ஒவ்வொரு வாட்டியுமா?"

கையிலிருந்த ஷூவை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு என் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு அப்படியே மண்ணில் சரிந்து, மரத்தில் சாய்ந்து காலை நீட்டிவிட்டார். என் முன்னால் அவர் அப்படி உட்கார்ந்ததே இல்லை.

"ரப்பர் காஞ்சி கெடக்குது, லைனிங் மட்டும் ஊறிப்போயிருக்குதே, எங்கேர்ந்து வருதுன்னு மூணு நாளா மண்டைய ஒடைச்சிக்கினு இருக்கறேன்," என்றார். குரலில் கோபமில்லை. "பிரேக்குன்னா ஒரசணும்மா. எண்ணெ போட்டா வழுக்கும். வழுக்குனா எப்பிடி நிக்கும்?"

அவ்வளவு எளிதான விஷயம். கிண்ணத்தையும் துணியையும் துவைகல்லின் மேல் வைத்தேன்.

அதற்குப் பிறகு அவர் வேகமாக வேலை செய்தார். டிரம்மைப் பெட்ரோலால் கழுவினார். லைனிங்கின் மேல் பெட்ரோல் ஊற்றிப் பற்றவைத்தார். ஊறின எண்ணெயை எரித்து எடுக்க லாரிக்காரர்கள் செய்கிற வழியாம். களம் முழுக்க வறுத்த கடலை வாசனை அடித்தது. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இரண்டு முறை எரித்தார். ஆனாலும் சூடு ஆறினால் எண்ணெய் திரும்பக் கசிந்தது. புது லைனிங்தான் அடிக்க வேண்டும், இப்போது பஸ் ஏறினாலும் வேலை முடிய மறுநாள் ஆகிவிடும் என்றார்.

"நான் அவருகிட்ட சொல்லிடறேங்க. நான் பண்ணதுன்னு சொல்லிடறேன்," என்றேன்.

அவர் மாமியார் இருந்த சமையல்கட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "வேணாம்மா. நீங்க வந்து வருசங்கூட ஆவல. பெரியம்மா காதுல உழுந்திச்சின்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாங்க. எனுக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்குதுங்க, ஒரு ஊட்டுக்குப் போவப் போறதுங்க. அய்யாகிட்ட ஒரு நாளு டைம் கேட்டுக்கறேன். குடுப்பாரு."

கொடுக்கவில்லை. மாலையில் என் கணவர் வந்து, அந்த எரித்த லைனிங்கோடு களத்திலேயே ஓட்டிக் காட்டச் சொன்னார். வண்டி வலது பக்கம் இழுத்தது. என்ன காரணம் என்று கேட்டார். டிரைவர் இறங்கி வந்து நின்றார்.

"தப்பு எம்மேலதாங்க. லைனிங்கு எண்ணெ ஆயிட்ச்சி. ஒரு நாளு குடுங்க, சரி பண்ணிடறேன்."

"ஒரு நாளா? நாளைக்கி அமாவாசை. ஆறு நாளா இன்னா புடுங்கினு இருந்தே? சாவிய வெச்சிட்டுப் போ."

நான் சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தேன். பத்தடி தூரம். 'நான்தான்' என்று சொன்னால் போதும். மாமியாரிடம் பயம் இருந்தது உண்மை. ஆனால் பயத்தைவிட, கெட்டிக்கார மருமகள் என்று வாங்கியிருந்த பெயர்மேல் எனக்கு ஆசை இருந்தது. அந்த ஆசைதான் வாயை அடைத்தது. டிரைவரே வேண்டாம் என்றாரே என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் வேண்டாம் என்றது ஒரு நாள் கிடைக்கும் என்று நம்பி. கிடைக்காது என்று தெரிந்த பிறகும் நான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அது எனக்கு அப்போதே தெரியும்.

சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "வர்றேங்க," என்று அவர் போனார்.

மறுநாள் மேல்மலையனூருக்கு பஸ்ஸில் போனோம். கூட்டத்தில் மாமியாரின் காலை யாரோ மிதித்துவிட்டார்கள்; வழி நெடுக டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தார். அம்மன் முன்னால் நின்று எனக்கு எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. திரும்பியதும் உறவில் ஒருவரைப் புது டிரைவராக வைத்தார்கள். அவர் விழுப்புரத்தில் புது லைனிங் அடித்துவந்து ஒரே மதியத்தில் மாட்டினார். அந்தப் பக்கமே நான் போகவில்லை. வண்டி நேராக நின்றது. "பாத்தியா? எல்லாத்துக்கும் கைராசின்னு ஒண்ணு வேணும்," என்றார் என் கணவர்.

அதைக் கேட்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. டிரைவர் போய்ப் பத்து நாள் கழித்து, என் கணவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். எண்ணெய், கிண்ணம், துணி எல்லாவற்றையும். அடி விழுந்தாலும் சரி என்றுதான் சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சிரித்தார். வெற்றிலை புரையேறும் அளவுக்குச் சிரித்தார். அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். மாமியாரும் சிரித்தார். "வெவசாயக்காரன் ஊட்டுப் பொண்ணு இல்ல? கலப்பைன்னு நெனைச்சிக்கிச்சி," என்றார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். எங்கள் வீட்டில் மருமகள் உடைத்ததும் மண்குடமாகவே போயிற்று. பொன்குடத்துக்கான பழியை ஏற்கெனவே வேறொருவர் சுமந்துகொண்டு போயிருந்தார்.

"அவரைத் திரும்பக் கூப்புடுங்க," என்றேன்.

"அதான் வேற ஆள் வந்துட்டானே," என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு அது முடிந்த விஷயம், அவ்வளவுதான். மறுநாள் ரயிலடிக்குப் பின்னால் ஆள் அனுப்பி விசாரித்தேன். அறையைக் காலி செய்துவிட்டு ஊரோடு போய்விட்டார்களாம். அதன் பிறகு எத்தனையோ கல்யாண வீடுகளில், காதுகுத்தில், என் கணவர் இந்தக் கதையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு சொல்லுவார். நானும் சிரித்திருக்கிறேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஒரு நாள், பிறந்த வீட்டுக்குப் போகிற வழியில், விழுப்புரத்து ரயில்வே கேட்டில் கார் நின்றது. கணவர் வரவில்லை. எங்கள் புது டிரைவர் டீ குடிக்க இறங்கியிருந்தார். முன்னால் நின்ற லாரியிலிருந்து கிளீனர் ஒருவர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தார். பாதி நரைத்த தலை, சட்டைக்குள்ளே ஜெபமாலை. நிமிர்ந்தபோது காரைத்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டார். பிறகு என்னை. தலைத்துண்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் அருகே வந்தார்.

"நல்லாயிருக்கீங்களாம்மா?"

"நல்லாயிருக்கேன். பொண்ணுங்க படிக்கிறாங்களா?"

"இல்லீங்கம்மா. ரெண்டும் நடவு, களைன்னு வேலைக்குப் போவுதுங்க." அதை மழை வெயிலைச் சொல்வது போல் சொன்னார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து கேட்டார். "அம்மா, அய்யாகிட்ட அந்த எண்ணெ சமாச்சாரத்தை எதனா சொல்லிட்டீங்களா?"

சொன்னேன், என் கணவர் சிரித்தார் என்று நான் எப்படிச் சொல்லுவேன்? பத்தே நாளில் சொன்னேன், எனக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று எப்படிச் சொல்லுவேன்?

"சொல்லலைங்க," என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "நல்லதும்மா. சொல்லிட்டீங்கன்னா ஊட்ல உங்குளுக்குத் தொல்லையாப் பூடுமேன்னு ரொம்ப நாளு மனசு அடிச்சிக்கினே இருந்திச்சி," என்றார்.

கேட் திறந்தது. லாரிக்காரர் ஹாரன் அடித்தார். இவர் ஓடிப்போய்க் கட்டையை உருவிக்கொண்டு, நகரத் தொடங்கியிருந்த லாரியின் பின்னால் தொற்றி ஏறினார்.